துரை மாதிரி இன்னொன்று

அக்கா வேலை பார்த்தது செருப்புக் கடையில். கடைவீதி முனையில், இரண்டு பக்கமும் கண்ணாடி வைத்த பெரிய கடை. சேர்ந்தபோது மேல்தட்டிலிருந்து அட்டைப்பெட்டி இறக்கித் தருகிற பெண். போகப்போகக் குழந்தைகள் பிரிவு முழுவதும் அவள் பொறுப்பானது. குட்டை முக்காலியில் உட்கார்ந்து, அடம்பிடிக்கிற பிள்ளையின் காலை மடியில் வைத்துக்கொண்டு, "இந்தக் கால் யாரோடது? உன்னோடதா? நெஜமா?" என்று கேட்பாள். பிள்ளை தன் காலையே சந்தேகமாக ஒரு பார்வை பார்க்கும். அழுகை நின்றுவிடும். அந்த நேரத்துக்குள் செருப்பு மாட்டியாகிவிடும்.

ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்பவர்களிடம், "எனக்கு அளவு கெடைக்கல" என்பாள். அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை.

துரை அந்தக் கடையின் கிடங்கில் கிடைத்த பூனை. ஒரு மழை நாளில் எங்கிருந்தோ வந்து, பூட்ஸ் பெட்டிக்குள் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு, பெட்டியை எடுக்க வந்த அக்காவை, யார் இங்கே அனுமதி கொடுத்தது என்பதுபோலப் பார்த்தது. சாம்பல் நிறம், மார்பில் மட்டும் வெள்ளை, தடித்த வால். முதலாளியே இப்படிப் பார்க்க மாட்டார், இது பெரிய துரைதான் என்று சொல்லி அதைப் பெட்டியோடு வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு அந்த வாடகை வீட்டில் அவர்கள் இருவர்தான். தம்பி வாராவாரம் வந்து பார்த்துவிட்டுப் போவான். அவனுக்கு ஃபிரிட்ஜ், ஏசி பழுதுபார்க்கும் பட்டறை இருந்தது. வயதில் நிறைய வித்தியாசம் என்பதால், அவனுக்கு நரை வந்த பிறகும் அக்கா அவனை "டேய்" என்றுதான் கூப்பிடுவாள்.

மறதி முதலில் வேடிக்கையாகத்தான் வந்தது. வாடிக்கையாளர் ஒருவர் வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தால் இரண்டும் இடது கால். கடையே சிரித்தது; அக்காவும் சிரித்தாள். அடுத்த வாரம் அதே போல இன்னொன்று. அப்புறம் ஒருநாள், குழந்தைக்குச் செருப்பு வாங்க வந்த பெண்ணின் காலை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் வெகுநேரம் பிடித்துக்கொண்டே இருந்தாள். முதலாளி தம்பிக்குப் போன் செய்து, "அவங்கள நான் போகச் சொல்ல மாட்டேன். நீங்களா வந்து கூட்டிட்டுப் போயிடுங்க" என்றார்.

தம்பி அக்காவையும் துரையையும் தன் வீட்டுக்கு அழைத்து வந்தான். இரண்டாவது மாடி, இரண்டு படுக்கையறை. பிள்ளைகள் இல்லாத வீடு. தம்பி மனைவி ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் காலை வேலை பார்த்தாள். அந்த நேரத்துக்கு ஒரு அம்மாவைத் துணைக்கு வைத்தார்கள். மூளை டாக்டர் ஸ்கேன் படங்களைப் பார்த்துவிட்டு, இது குறையாது, மெதுவாகக் கூடும் என்றார். பூனையை மட்டும் பிரிக்க வேண்டாம் என்றும் சொன்னார்.

அவர் சொன்னது எவ்வளவு சரி என்று வீட்டில் சீக்கிரமே தெரிந்தது. குளிக்க வரமாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொள்கிறவள், துரை குளியலறை வாசலில் உட்கார்ந்தால் போவாள். சாப்பிட்டோமா என்பது மறந்துவிடும்; துரைக்குத் தட்டு வைக்கும்போது தனக்கும் பசிக்கும். வைத்தது மறந்து, மறுபடி மறுபடி தட்டு வைத்ததில் துரை தலையணை மாதிரி ஆகிவிட்டது. நடந்தால் முதலில் வயிறு வரும், பிறகு பூனை வரும். தம்பி மனைவி தீனி டப்பாவைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

அந்தத் துரை ஒரு காலையில் எழுந்திருக்கவில்லை. வயதாகிவிட்டது, சிறுநீரகம் போய்விட்டது என்றார் விலங்கு மருத்துவர். தம்பி அதைப் பட்டறையின் பின்பக்கம், கதவு கழற்றிய பழைய ஃபிரிட்ஜ்கள் வரிசையாக நிற்கிற இடத்தில், மதிலோரம் குழி தோண்டிப் புதைத்தான். வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தம்பியும் கூட அழுதான்.

மறுநாள் காலை அக்கா கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "துரைய எங்கடா காணோம்?"

சொன்னான். முதல் முறை கேட்பவள் போல அதே மாதிரி வாயைப் பொத்திக்கொண்டாள். அன்று மாலை மறுபடி கேட்டாள். அடுத்த நாளும். ஒரே சாவுக்கு ஒரு மனுஷி எத்தனை தடவைதான் அழுவாள்? தம்பி மனைவி, "வெளிய போயிருக்கு அண்ணி, வந்துடும்" என்று சொல்ல ஆரம்பித்தாள். அதன் பலன், அக்கா தேடிக்கொண்டு கிளம்பிவிட்டாள். தெருமுனையில், வண்டிகள் போகிற வேகத்துக்கு நடுவே, காலில் செருப்புகூட இல்லாமல் நின்றவளைத் தெரிந்த பால்காரர் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார்.

அப்போதுதான் தம்பிக்கு அந்த யோசனை வந்தது. விலங்கு மருத்துவமனையில், வீடு மாறிப்போன யாரோ விட்டுவிட்டுப் போன பூனை ஒன்று கூண்டில் இருந்தது. அதே சாம்பல். அதே வெள்ளை மார்பு. வால்கூட அதே தடிமன். கூண்டின் முன்னால் நின்று, "துரை" என்று சும்மா கூப்பிட்டுப் பார்த்தான். அது திரும்பி அவனைப் பார்த்தது. எந்தப் பூனையும் சத்தம் கேட்டால் திரும்பத்தானே செய்யும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான்.

மனைவிக்கு அது பிடிக்கவில்லை. "பூனை வளக்கிறது வேற, பொய்ய வளக்கிறது வேற. அதுக்குத் தீனி போட்டு மாளாது."

"அவ தூங்கட்டும். அது போதும் எனக்கு."

அக்கா தூங்கத்தான் செய்தாள். புதுப் பூனையை மடியில் வாங்கிக் கன்னத்தோடு ஒட்டிக்கொண்டு, "எங்க போய்ச் சுத்திட்டு வர்ற?" என்று கேட்டுவிட்டு, அன்று வயிறாரச் சாப்பிட்டாள். சில வாரங்கள் வீடு அமைதியாக இருந்தது.

பழைய துரைக்கு ஒரு பழக்கம். மத்தியானம் ஃபிரிட்ஜின் மேல் ஏறி, முன்னங்கால் ஒன்றைக் கீழே தொங்கவிட்டுப் படுக்கும். அக்கா குளிக்கும்போது, குளியலறைக் கதவை ஒரே காலால், அதுவும் இடது காலால், மெதுவாகச் சுரண்டும். இதையெல்லாம் புதுப் பூனைக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு மத்தியானம் தம்பி சாப்பிட வந்தபோது அது ஃபிரிட்ஜின் மேல் இருந்தது. ஒரு கால் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினான். அந்த வாரமே கதவுச் சுரண்டலும் தொடங்கியது. இடது கால்.

"ஒண்ணு கேட்டாக் கோவிச்சுக்க மாட்டீங்களே?" என்றாள் மனைவி. "நல்லாப் பாத்துத்தானே பொதச்சீங்க?"

அவன் சிரித்து மழுப்பினான். ஆனால் மறுநாள் பட்டறையில் ஒரு கம்ப்ரஸரைக் கழற்றிப் போட்டவன், அதை அப்படியே விட்டுவிட்டுப் பின்பக்கம் போனான். ஃபிரிட்ஜ் கூடுகள் வாயைத் திறந்துகொண்டு வரிசையாக நின்றன. மதிலோரத்து மண்ணில் புல் முளைத்திருந்தது. காலால் அமுக்கிப் பார்த்தான். உறுதியாக இருந்தது. அமுக்கிப் பார்த்ததை நினைத்து அவனுக்கே வெட்கமாகிவிட்டது.

புருஷனும் பெண்டாட்டியும் அந்தப் பூனையை மெல்ல மெல்லத் துரை என்றே நம்பத் தொடங்கிய அதே நாட்களில், அக்கா நம்புவதை நிறுத்தினாள்.

முதலில் மடியில் விடவில்லை. பிறகு, அது ஒரு மூலையில் உட்கார்ந்தால் இவள் எதிர் மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். இரண்டு பேரும் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள். துணைக்கு வந்த அம்மா, அந்த அறையைப் பெருக்கும் வேலையை மட்டும் சீக்கிரம் முடித்துக்கொண்டு வெளியே வந்துவிடுவாள்.

"இது துரை இல்லடா," என்றாள் அக்கா, தம்பியின் காதருகே.

"அக்கா, பாரு. அதே வெள்ள மார்பு, அதே வால்."

"அதத்தான் சொல்றேன். எல்லாத்தையும் சரியா வச்சிருக்கு."

பேர் மறந்தவள், நாள் மறந்தவள், கண்ணாடி டம்ளரைக் காட்டி இது எதற்கு என்று கேட்கிறவள். அவளுக்கு இது மட்டும் எங்கிருந்து தெரிந்தது?

ஒருநாள் தம்பி மனைவி வேலை முடிந்து படியேறி வந்தாள். வீட்டுக் கதவு மூடியிருந்தது. சாவியை எடுக்கும்போது காலடியிலிருந்து ஒரு குரல் வந்தது. கதவுக்கும் தரைக்கும் நடுவிலிருந்த இடைவெளியில், உள்ளே தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டு யாரோ வெளியே பார்த்துக் கிசுகிசுத்தார்கள். "துரை, இப்ப வராத கண்ணு. அது இன்னும் உள்ளதான் இருக்கு."

அவள் கையிலிருந்த பை நழுவி விழுந்தது. ரத்தம் எடுக்கிற ஊசியைப் பார்த்து அலறுகிற ஆயிரம் பேரைச் சமாதானம் செய்திருக்கிறவள், தன் வீட்டு வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் தம்பியால் தாங்க முடியாமல் போனது. ஒரு சாயங்காலம் பட்டறையிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தான். அக்கா பின்னால் வந்து நின்றாள்.

"ஒக்காருங்க. தம்பி வர்ற நேரம்தான். டீ குடிக்கிறீங்களா?"

விளையாடுகிறாள் என்று நினைத்தான். திரும்பிப் பார்த்தால் அவள் முகத்தில் விளையாட்டு இல்லை. கடையில் புதிதாக வந்தவர்களிடம் காட்டுகிற மரியாதை இருந்தது.

"அக்கா, நான்தான்."

"பூனையும் அதத்தான் சொல்லுது," என்றாள் அவள், வருத்தத்தோடு.

தம்பி மனைவி மேல் மட்டும் அவளுக்குச் சந்தேகம் இல்லை. அவளைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னாள்: "உன் புருஷன் வர்ற வரைக்கும் அந்த ஆளோட தனியா இருக்காதம்மா. பாத்தாச் சாதுவாத்தான் தெரியுது. ஆனா அந்தச் சட்ட யாரோடது? தம்பியோடது. நான் எடுத்துக் குடுத்தது."

அன்றிலிருந்து "டேய்" போய் "நீங்க" வந்தது. திட்டினால்கூடத் தாங்கியிருப்பான். அந்த "ங்க" ஒவ்வொரு முறையும் முள்ளாகக் குத்தியது. அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்துத் தம்பிக்காகக் காத்திருப்பாள்; அவன் அவளுக்கு ஒரு கை தூரத்தில் நிற்பான்.

இந்த நோயில் சிலருக்கு இப்படி வருவதுண்டு என்றார் டாக்டர். முகம் தெரியும், ஆனால் நம்மவர் என்கிற உணர்வு அந்த முகத்தோடு சேர்ந்து வராது. வாதாடாதீர்கள், வாதாடினால் பயம்தான் கூடும். தம்பி தலையாட்டினான். ஆனால் அவன் மனதை அறுத்தது வேறு. பூனை விஷயத்தில் அவள் சொன்னது நிஜம். அதைப் பொய் என்று அவளிடம் அடித்துப் பேசியவன் அவன். இப்போது அதே வாயால் "நான்தான் உன் தம்பி" என்றால் அவள் எதை வைத்து நம்புவாள்?

பிறகு ஒருநாள், மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தான். கதவு முன்னால் நின்று சாவிக்காகப் பையைத் துழாவியபோது, கீழே இருந்து அந்தக் குரல் வந்தது.

"டேய். இப்ப வராதடா. உன்ன மாதிரியே ஒருத்தர் வர்ற நேரம்."

கை அப்படியே நின்றது. படிக்கட்டில் யாரும் இல்லை. எங்கோ ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. யோசிக்காமல், வாய் தானாகப் பேசியது. "சரிக்கா."

பிறகு, "சாப்ட்டியாடா?"

எவ்வளவு நாள் கழித்துக் கேட்கிறான் அந்த "டா"வை. கதவின் முன்னால் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். முகத்தைப் பார்த்தால் அந்நியன். குரலைக் கேட்டால் தம்பி. நடுவில் ஒரு மரக்கதவு.

"சாப்ட்டேன்க்கா. நீ?"

"இல்ல. அந்தப் பூன பாத்துக்கிட்டே இருக்கு."

தம்பி கதவில் தலையைச் சாய்த்துக்கொண்டான். இனிமேலும் பொய் சொல்லத் தெம்பில்லை. "அக்கா, நீ சொன்னது சரிதான். அது துரை இல்ல. துரை செத்துப் போச்சுக்கா. நான்தான் பட்டறைக்குப் பின்னால பொதச்சேன். நீ ரொம்ப அழுதியா, அதனால வேற ஒண்ணு கொண்டு வந்து விட்டேன்."

அழுகை வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. நீளமான ஒரு மூச்சு மட்டும் கதவுக்கு அடியில் கேட்டது.

"எனக்குத் தெரியும்டா. சொல்றதுக்கு உனக்கு இவ்வளவு நாளா?"

"தப்புதான்க்கா."

"அப்ப அந்த ஆளையும் நீதான் கொண்டு வந்து விட்டியா?"

இல்லை என்று சொல்லலாம். நான்தான் அந்த ஆள் என்றும் சொல்லலாம். அதை எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாகிவிட்டது. அவள் பதிலுக்காகக் காத்திருந்தாள். கதவின் அந்தப் பக்கம் அவள் விரல்கள் தரையைத் தடவுவது கேட்டது.

"ஆமாக்கா," என்றான். "நான்தான்."

"நம்பலாமா?"

"நம்பலாம். நல்ல ஆளுதான். எனக்குத் தெரிஞ்சவர்."

"உன்ன மாதிரி இல்லடா."

"பழகிடும்க்கா."

அவள் எழுந்து போகும் சத்தம் கேட்டது. சிறிது நேரம் கழித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, தம்பி கதவைத் திறந்தான். அக்கா கூடத்தில் நின்றிருந்தாள். இத்தனை நாள் இல்லாத ஒரு தெளிவு முகத்தில்.

"வாங்க," என்றாள். "இப்பத்தான் தம்பி வந்து சொல்லிட்டுப் போனான்."

அன்றைக்கு அக்கா அவனுக்குத் தட்டு எடுத்து வைத்தாள். அவன் சாப்பிட்டான். ஃபிரிட்ஜின் மேலிருந்து பூனை பார்த்துக்கொண்டிருந்தது. அக்கா அதை நிமிர்ந்து பார்த்து, "நீயும் இறங்கி வா. உன்னையும் அவன்தான் கொண்டு வந்தானாமே" என்றாள்.

அதற்குப் பிறகு வீட்டில் பயம் போய்விட்டது என்று சொல்லலாம். அக்கா இந்த ஆளோடும் பூனையோடும் பழகிக்கொண்டாள். அவன் அவளை எப்போதும் போல அக்கா என்றே கூப்பிட்டான். மூத்தவளாக இருந்தால் யாரையும் அப்படிக் கூப்பிடலாம் என்கிற வசதி இருந்தது. தினமும் ஒருமுறை பட்டறையிலிருந்து போன் செய்வான். போனில் அவன் தம்பி. "அந்த ஆளு குளிச்சிட்டு ஈரத் துண்ட நாற்காலி மேல போடறாருடா, நீ சொல்லக் கூடாதா?" என்று அக்கா முறையிடுவாள். "சொல்றேன்க்கா" என்பான். சாயங்காலம் துண்டைக் கொடியில் போடுவான். தம்பி மனைவி, "எனக்கு ரெண்டு புருஷன் ஆயிடுச்சு. ஒருத்தராவது கடைக்குப் போயிட்டு வாங்க" என்பாள்.

அக்கா இந்த ஆளிடம் தம்பியைப் பற்றிப் பேசுவாள். "நல்லவன்தாங்க. ஆனா யார் பேசினாலும் முழுசாக் கேக்க மாட்டான். பாதியிலயே அவனே பதில் சொல்லிடுவான். சின்ன வயசுலேருந்தே அப்படி." அவன் குறுக்கே பேசாமல் கேட்டான். சீட்டாட்டத்தில் ஏமாற்றுவான், முடிவெட்டுகிறவரைப் பார்த்தால் ஓடி ஒளிவான், சம்பளம் வாங்கியதும் முதலில் எனக்குத்தான் ஒரு புடவை எடுத்தான், நிறம் சகிக்காது, அதை அவனிடம் சொல்லவே இல்லை என்பாள். செத்தவனைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருக்கும் அவனுக்கு. ஆனாலும் எழுந்து போக மனம் வராது.

ஒரே ஒரு நாள் மட்டும் அவனுக்குப் பழைய நடுக்கம் திரும்பி வந்தது. மத்தியானம் பட்டறையிலிருந்து போன் செய்தான். அக்கா வழக்கம்போலப் பேசினாள். நடுவில், "இரு, அவர் ஏதோ கேக்கறாரு" என்றாள்.

"யாருக்கா?"

"அந்த ஆளுதான். இங்க பக்கத்துல ஒக்காந்திருக்காரு. பூன அவரு மடியில படுத்துக்கிட்டு எறங்க மாட்டேங்குது."

தம்பியின் கையில் ஸ்பானர் இருந்தது. அதைப் பார்த்தான். பட்டறையில் இருக்கிறோம் என்பதை நிச்சயப்படுத்திக்கொள்வது போலச் சுற்றிலும் பார்த்தான். போனில் பூனை உறுமுகிற சத்தம் சன்னமாகக் கேட்டது, சுகமாகத் தடவிக் கொடுக்கும்போது உறுமுமே, அப்படி.

"அவர்கிட்ட குடுக்கட்டுமா?" என்றாள் அக்கா.

"வேணாம்க்கா," என்றான்.

மனைவி அப்போது உள்ளறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாளாம். யாரும் வரவில்லை என்றாள். அவன் அதற்கு மேல் கேட்கவில்லை.

அடுத்த வருடம் அக்காவுக்குப் பேச்சு குறைந்தது. தம்பியும் அந்த ஆளும் இரண்டு பேருமே அவளிடமிருந்து போய்விட்டார்கள். போனை நீட்டினால் வாங்கிப் பார்த்துவிட்டு மடியில் வைத்துக்கொள்வாள். பூனை மட்டும் இருந்தது. அக்கா நோயில் படுத்த பிறகு அது அவள் பக்கத்தைவிட்டு அசையவில்லை. அவள் கை ஒன்று எப்போதும் அதன் முதுகில் கிடந்தது. சளி நெஞ்சில் கட்டி, ஒரு முற்பகலில், தம்பி அவள் தலையைத் தூக்கி வெந்நீர் புகட்டிக்கொண்டிருக்கும்போதே மூச்சு அடங்கியது. அவன் ஸ்பூனைக் கீழே வைக்கக்கூட மறந்து உட்கார்ந்திருந்தான். மனைவிதான் வந்து அதை அவன் விரல்களிலிருந்து எடுத்தாள்.

பூனை இப்போதும் அந்த வீட்டில்தான் இருக்கிறது. ஃபிரிட்ஜின் மேல் ஏறுவதை விட்டுவிட்டது. தம்பி சாப்பிட உட்கார்ந்தால் எதிர் நாற்காலியில் ஏறிக்கொள்கிறது. அதைத் துரை என்று கூப்பிட அவனுக்கு நா எழவில்லை. வேறு பெயர் வைக்கலாம் என்று மனைவி சொல்லிக்கொண்டிருக்கிறாள். தினமும் ஒரு பெயர் சொல்கிறாள், அது எதற்கும் திரும்பவில்லை.